முதல் கைத்துப்பாக்கி எது? கடைக்குப் போகும் முன்பே சட்டம் முடிவு செய்துவிடுகிறது!

மேல்பட்டாம்பாக்கம்:–

"அண்ணே, முதல்ல வாங்குறதுக்கு நைன் எம்.எம். நல்லதா, பாயிண்ட் 32 நல்லதா?"

பண்ருட்டியில் ஏறிய ஒருவர் ரயிலில் இப்படி ஒரு கேள்வியைப் போட்டால் போதும். மேல்பட்டாம்பாக்கம் தாண்டி நெல்லிக்குப்பம் வருவதற்குள் நாலு பேர் நாலு பதில் சொல்லிவிடுவார்கள்.

நாலும் தப்பாகத்தான் இருக்கும். பதில் சொல்பவர்கள் பார்த்தது சினிமா. இல்லாவிட்டால் அமெரிக்காக்காரன் செல்போனில் போட்ட வீடியோ.

அங்கே 21 வயதானவன் கடையில் பாரம் பூர்த்தி செய்து, பின்னணிச் சோதனையில் தேறினால், நைன் எம்.எம். பிஸ்டலோடு வீடு திரும்பலாம். இங்கே அந்தக் கதை நடக்காது.

ஆசை மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. 2024-ல் பாரீஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் ஏர் பிஸ்டலில் இரண்டு வெண்கலம் வாங்கினார். 2022 ஜூலையில் நடிகர் அஜித்குமார் திருச்சி ரைபிள் கிளப்பில் மாநிலப் போட்டிக்கு வந்தபோது, அவரைப் பார்க்கக் கூடிய கூட்டத்தை சமாளிக்க போலீசார் திணறினார்கள். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2025 ஆகஸ்டில் கஜகஸ்தானில் நடந்த ஆசியப் போட்டியில், 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் தட்டினார்.

சுட்டுப் பழக ஆசைப்படுகிறவன் ஒருவன். இன்னொருவர் மண்டிக்காரர், நகைக்கடைக்காரர். ராத்திரி கல்லாப் பணத்தோடு வீடு திரும்பும்போது இடுப்பில் ஒன்று இருந்தால் தேவலை என்று நினைப்பவர்.

இரண்டு பேரும் கேட்பது ஒரே கேள்வி. இரண்டு பேருக்கும் பதில் வேறு வேறு.

நைன் எம்.எம். கனவு

முதலில் நைன் எம்.எம். விவகாரத்தை முடித்துவிடலாம்.

நைன் எம்.எம்., பாயிண்ட் 38, பாயிண்ட் 455 ஆகிய கைத்துப்பாக்கிகள் இந்தியாவில் "தடை செய்யப்பட்ட போர்" என்ற பட்டியலில் இருக்கின்றன. போர் என்றால் குழாயின் விட்டம். சண்டை அல்ல! ராணுவமும் போலீசும் வைத்திருந்த, வைத்திருக்கும் அளவுகள் இவை.

வெள்ளைக்காரன் காலத்து யோசனை இது. பட்டாளத்துத் தோட்டா களவு போனால் வெளியே உள்ளவனின் துப்பாக்கியில் அது பொருந்தக் கூடாது. அவன் போய்விட்டான், பட்டியல் போகவில்லை. இந்த ரகத்துக்கு லைசென்சு கொடுக்கும் அதிகாரம் கலெக்டருக்குக் கிடையாது. டெல்லியில் மத்திய உள்துறைதான் தரவேண்டும்.

எனவே, முதல் துப்பாக்கி வாங்குகிறவனுக்கு உலகமெல்லாம் சொல்லும் புத்திமதியில் பாதி இங்கே செல்லாக்காசு. "பாயிண்ட் 22-ல் பழகு, அப்புறம் நைன் எம்.எம்.முக்குப் போ" என்பார்கள் வெளிநாட்டில். இங்கே இரண்டாவது படி இருக்கும் இடத்தில் சுவர்தான் இருக்கிறது.

மிச்சத்தில் சாதாரணமாகக் கிடைப்பது பாயிண்ட் 32, பாயிண்ட் 22. இவற்றோடு லைசென்சே தேவைப்படாத ஏர் பிஸ்டல். அநேகமாக அவ்வளவுதான் கடை!

32 என்றால் எந்த 32?

சாதாரண லைசென்சுதாரர் கையில் இன்று அதிகம் இருப்பது பாயிண்ட் 32. கான்பூர் அரசுத் தொழிற்சாலை ரிவால்வர்களும், "அஷானி" என்ற அரசுத் தயாரிப்பு பிஸ்டலும் இந்த அளவில்தான் வருகின்றன.

டெல்லி மாணவிக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு, பெண்களுக்காக என்று 2014 ஜனவரியில் "நிர்பீக்" ரிவால்வர் வந்தது. எடை அரைக் கிலோ. விலை ரூ.1 லட்சத்து 22 ஆயிரத்துக்கு மேல். வேலைக்குப் போகும் எந்தப் பெண் அந்த விலை கொடுத்து வாங்குவாள் என்று அப்போதே பலர் கேட்டார்கள்.

2020-ல் வெப்லி அண்டு ஸ்காட் என்ற பழைய இங்கிலாந்துப் பெயர் உத்தரப்பிரதேசத்தில் தயாரிப்பைத் தொடங்கியது. அதுவும் பாயிண்ட் 32 ரிவால்வர்தான். ஒன்றரை லட்ச ரூபாய்க்கு மேல். 2023 ஆகஸ்டில் "பிரபல்" வந்தது. சுமார் 700 கிராம். தோட்டா போடும் உருளை பக்கவாட்டில் திறக்கும். 50 மீட்டர் வரை சுடும் என்று விளம்பரம் செய்தார்கள். 50 மீட்டரில் மூன்றங்குலக் குழாய் ரிவால்வரை வைத்துப் புதிதாகப் பழகுகிறவன் எதை அடிப்பான் என்பது வேறு விஷயம்!

இதில் புது ஆள் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. ரிவால்வர் 32-ம் பிஸ்டல் 32-ம் ஒன்றல்ல.

ரிவால்வர் தோட்டா நீளமானது. அடியில் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் ஈயக் குண்டு ஆறு கிராமுக்குச் சற்று மேல். பிஸ்டல் தோட்டா குட்டை. குண்டு நாலரை கிராம் சொச்சம். இதை அதில் போடக் கூடாது. "ரெண்டும் 32தானே" என்று நினைத்து வாங்கினால் பணம் தண்டம்.

ரிவால்வரா, பிஸ்டலா?

பழகாத கைக்கு ரிவால்வர் தேவலை என்பதற்கு நியாயம் உண்டு. உருளையைத் திறந்தால் ஆறு துளையும் கண்ணுக்குத் தெரியும். தோட்டா இருக்கிறதா, இல்லையா என்பதில் சந்தேகம் வராது.

பிஸ்டல் அப்படி அல்ல. பிடியில் இருக்கும் தோட்டாப் பெட்டியை உருவிவிட்டு "காலிதான்" என்று நினைப்பான். குழாய்க்குள் ஏற்கனவே ஏறிய ஒரு தோட்டா உள்ளேயே உட்கார்ந்திருக்கும். துடைக்கும்போது வெடித்தது, நண்பனிடம் காட்டும்போது வெடித்தது என்று வரும் செய்திகளில் அடிக்கடி தலைகாட்டும் சங்கதி இதுதான். பெட்டியை உருவு, மேல் பகுதியைப் பின்னால் இழு, கண்ணால் பார், விரலை விட்டும் பார் என்று பயிற்சியாளர்கள் தலையில் அடித்துக்கொண்டு சொல்வது சும்மா அல்ல.

தோட்டாவும் ஊறுகாய் அல்ல, ஜாடியில் போட்டு வைத்துக்கொள்ள. 1967 ஜனவரி 12-ந் தேதி ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா சுட்ட சம்பவம் தெரியாத தமிழன் இல்லை. குண்டு பட்டும் இருவரும் பிழைத்தார்கள். தோட்டாக்கள் பல வருடம் மேஜை டிராயரில் கிடந்து வீரியம் இழந்தவை என்று தடய அறிவியல் தரப்பில் சொல்லப்பட்ட விளக்கம் இன்றுவரை பேசப்படுகிறது. அன்று அது இரண்டு உயிரைக் காப்பாற்றியது. தற்காப்புக்கு என்று வாங்கி, பத்து வருடம் பீரோவில் பூட்டி வைத்திருக்கும் மண்டிக்காரருக்கோ அது நல்ல சேதி அல்ல.

கலெக்டர் கேட்கும் ஒரே கேள்வி

கைத்துப்பாக்கி லைசென்சு கேட்டு கடலூர் கலெக்டர் ஆபீசுக்கு மனுப் போட்டால், மனு போலீசுக்குப் போகும். போலீசார் விசாரித்து அறிக்கை தரவேண்டும். விண்ணப்பதாரருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். துப்பாக்கியைப் பத்திரமாக வைத்திருப்பேன் என்று உறுதிமொழி தரவேண்டும். பாதுகாப்புப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும் என்றும் 2016-ம் வருட ஆயுத விதிகள் சொல்கின்றன.

இதெல்லாம் காகித வேலை. உண்மையான சோதனை "எதற்கு?" என்ற ஒரு கேள்விதான்.

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவைப் படித்தால் சட்டத்தின் மனசு தெரியும். பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி, தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத குழாய் உள்ள வழுவழுப்புக் குழல் துப்பாக்கி, அங்கீகாரம் பெற்ற கிளப்பின் உறுப்பினருக்குக் குறி பழக பாயிண்ட் 22 ரைபிள் அல்லது ஏர் ரைபிள் — இவற்றைக் கேட்பவருக்கு, தகுதிக் குறைவு ஏதும் இல்லையென்றால், லைசென்சு கொடுக்க வேண்டும் என்கிறது.

கைத்துப்பாக்கி அந்த வரிசையில் இல்லை. அதைக் கேட்பவர், அதிகாரி ஒப்புக்கொள்ளும்படி தகுந்த காரணம் காட்ட வேண்டும். "எல்லோரும் வச்சிருக்காங்க சார்" என்பது காரணம் ஆகாது. "பணம் எடுத்துட்டுப் போறேன்" என்றால், பாங்கு மூலம் அனுப்பக் கூடாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

லைசென்சு கிடைத்தாலும் இஷ்டத்துக்குத் தோட்டா வாங்க முடியாது. லைசென்சில் எழுதியிருக்கும் எண்ணிக்கைதான். சும்மா சுட்டுப் பழகவும் முடியாது. வீட்டுக் கொல்லையில் சுட்டால் வழக்கு. கல்யாணத்தில் வானத்தை நோக்கி வெடித்தால், 2019 திருத்தத்தின்படி இரண்டு ஆண்டு வரை ஜெயில் அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே! ஆக, பாயிண்ட் 32 வாங்கியவரில் பாதிப்பேருக்குத் தங்கள் துப்பாக்கி எங்கே சுடும் என்றே தெரியாமல் போய்விடுகிறது.

தேர்தல் வந்தால் ஸ்டேஷனில்!

மண்டிக்காரருக்கு இன்னொரு சேதி. தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். 2024 மார்ச் 16-ல் பாராளுமன்றத் தேர்தல் அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் ஏப்ரல் 19-ல் ஓட்டுப்போட்டு முடிந்தது. நாடு முழுவதும் முடிந்து ஓட்டு எண்ணியது ஜூன் 4-ல். அதுவரை, விலக்கு வாங்காதவர் துப்பாக்கி கிடந்தது ஸ்டேஷன் அலமாரியில். பாங்குக் காவலாளிகள் போன்றவர்களுக்கு விலக்கு உண்டு. மற்றவர்கள் பரிசீலனைக் குழுவிடம் காரணம் சொல்லிக் கேட்க வேண்டும்.

பாராளுமன்றம், சட்டசபை, ஊராட்சி என்று நம் ஊரில் தேர்தலுக்கா பஞ்சம்? லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய "பாதுகாப்பு" மாதக்கணக்கில் வேறு இடத்தில் தூங்கும். அந்த நேரத்தில் கல்லாப் பணத்தைக் காப்பாற்றப் போவது கேமராவும், நல்ல பூட்டும், கூட வரும் கடைப்பையனும்தான். தேர்தல் இல்லாத நாளிலும் பெரும்பாலும் அப்படித்தான்.

சுட்டுப் பழக நினைப்பவனுக்கு

அவனுக்குப் பதில் சுலபம். முதல் துப்பாக்கி பாயிண்ட் 177. அதாவது 4.5 மில்லி மீட்டர் ஏர் பிஸ்டல்.

"அட, அது காத்துத் துப்பாக்கிப்பா! திருவிழாவுல பலூன் சுடுறது!" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மனு பாக்கர் பாரீசில் இரண்டு பதக்கம் வாங்கியது அந்தக் காத்துத் துப்பாக்கியில்தான். அதில் ஒன்று சரப்ஜோத் சிங்குடன் ஜோடி சேர்ந்து வாங்கியது.

விட்டம் பாயிண்ட் 177-க்கு மேல் போகாமலும், வேகத்தின் சக்தி 20 ஜூலுக்கு மேல் போகாமலும் இருந்தால் லைசென்சு தேவை இல்லை. அதற்காகக் கடையில் போய்க் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடக் கூடாது.

முதலில் கிளப். அங்கே இருப்பதை எடுத்துச் சுட்டுப் பார்க்க வேண்டும். ஒலிம்பிக் ஏர் பிஸ்டலை ஒற்றைக் கையில்தான் பிடித்துச் சுட வேண்டும். எடை அதிகபட்சம் ஒன்றரைக் கிலோ. ஒரு போட்டிக்கு 60 குண்டு, ஒரு மணி கால் நேரம். ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைக் கையை நீட்டி ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள், தோள் சொல்லும் கதையை!

ஆகவே, பிஸ்டல் தேர்வில் பேரைவிட, விலையைவிட, பிடி முக்கியம். உள்ளங்கைக்கும் மரப் பிடிக்கும் நடுவே சந்து இருக்கக் கூடாது. விசையில் விரல் நுனியின் சதை பட வேண்டும், மடிப்பு பட்டால் பிடி பெரிசு. இடது கைக்காரனுக்கு இடது கைப் பிடி தனியாக உண்டு. எந்தக் கண் ஆளும் கண் என்பதையும் பார்க்க வேண்டும். தூரத்தில் உள்ள விளக்கை இரண்டு கண்ணும் திறந்து விரலால் காட்டி, ஒரு கண்ணை மூடினால் விரல் விலகாமல் நிற்கிறதா? திறந்திருக்கும் கண்தான் ஆளும் கண். வலது கையும் இடது கண்ணுமாக இருந்தால் பயிற்சியாளரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

விசையை இழுக்க வேண்டிய கனம் குறைந்தது 500 கிராம். 10 மீட்டருக்கு அப்பால் பத்துப் புள்ளி வட்டத்தின் அகலம் 11.5 மில்லி மீட்டர். சட்டைப் பொத்தான் அளவு. பதட்டத்தில் விரல் சுண்டினால் குண்டு ஏழுக்கோ எட்டுக்கோ போய்விடும். புது ஆளின் எதிரி குறி அல்ல, அவனுடைய ஆள்காட்டி விரல்தான். பெரிய தோட்டாவில் தொடங்குகிறவனுக்கு வெடிச் சத்தமும் உதையும் சேர்ந்து அந்த விரலைக் கெடுத்துவிடும். சுடும் முன்பே கண்ணைச் சிமிட்டும் பழக்கம் வரும். வந்தால் லேசில் போகாது.

ஏர் பிஸ்டலில் அந்த உதை இல்லை. ரவை மலிவு, ஒரு டப்பாவில் 500 வரும். குண்டே இல்லாமல் சுவரைப் பார்த்து விசையை மட்டும் இழுத்துப் பழகுவதற்குக் காலணா செலவில்லை. சாம்பியன்கள் இன்றும் அதைச் செய்கிறார்கள்.

உள்நாட்டுச் சாதாரண ரகம் ஆயிரக்கணக்கில் முடியும். மோரினி, ஸ்டெயர், வால்தர் என்று வெளிநாட்டுப் போட்டி ரகம் லட்சத்தைத் தாண்டும். முதல் வருடத்தில் அது தேவை இல்லை. விலை உயர்ந்தது என்றால் காலை வாராது என்பதும் இல்லை. 2021-ல் டோக்கியோவில் நடுப்போட்டியில் மனு பாக்கரின் பிஸ்டலே மக்கர் செய்தது. சரி செய்ய ஓடியதில் நேரம் போய், இறுதிச்சுற்று நூலிழையில் தவறியது.

பாயிண்ட் 22 அடுத்த படி. 25 மீட்டர் போட்டிகளில் அதுதான். குண்டு இரண்டரை கிராம் சொச்சம். உதை குறைவு. இதற்கு லைசென்சு வேண்டும், தோட்டாவும் போட்டிச் சங்கங்கள் வழியாகத்தான் பெரும்பாலும் வரும். கிளப்பில் ஒழுங்காகப் பதிவாகி, போட்டிகளில் புள்ளி எடுத்தவர் கேட்டால் "எதற்கு?" என்ற கேள்விக்குக் கையில் பதில் இருக்கும். அஜித் சுட்ட மாநிலப் போட்டிகளில் உள்ள சென்டர் ஃபயர் பிரிவில் பாயிண்ட் 32-ம் உண்டு. ஆனால் அது கடைசிப் படி. ரயிலில் கேட்டவர் முதல் படியாக நினைத்தது!

குண்டுக்கு எல்லைக்கல் தெரியாது

நெய்வேலி பக்கத்துக்காரர்களுக்கு துப்பாக்கி புதிதல்ல. சுரங்க வாசலில் மத்திய தொழிற்பாதுகாப்புப் படையினர் நிற்பதைத் தினம் பார்ப்பவர்கள். 2014 மார்ச் 17-ல் இரண்டாவது சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் காவல் வீரரின் குண்டுக்குப் பலியானதையும், அன்று ஊர் கொதித்ததையும் மறக்காதவர்கள். ஒரு வாய்ச்சண்டை, கையில் துப்பாக்கி, முடிந்தது ஒரு உயிர். அங்கே நின்றது பயிற்சி பெற்ற ஆள்.

புதுக்கோட்டை நார்த்தாமலையில் 2021 டிசம்பர் 30-ல் படையினர் சுடும் பயிற்சி நடந்த நேரத்தில், தளத்துக்கு ஒரு கிலோ மீட்டருக்கு அப்பால் வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவன் தலையில் குண்டு பாய்ந்தது. சில நாளில் சிறுவன் இறந்தான். "சின்னத் துப்பாக்கி" என்று சொல்லும் பாயிண்ட் 22 குண்டுகூட ஒரு மைல் போகக்கூடியது. முந்திரித் தோப்பில் தகரத்தை நிறுத்தி வைத்துச் சுட்டுப் பழகலாம் என்று நினைப்பவர்கள் தோப்புக்குப் பின்னால் யார் குடியிருக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டும்.

குறுக்கு வழி ஒன்றும் சிலர் காதில் விழும். "வடக்கே இருந்து நாட்டுத் துப்பாக்கி கொண்டாந்து தர்றேன்." லைசென்சு இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, 5 ஆண்டு வரை ஜெயில். தடை செய்யப்பட்ட ரகம் என்றால் 7 முதல் 14 ஆண்டு. செய்து விற்றவனுக்கு ஆயுள் வரை போகலாம். அந்தச் சரக்கு கையிலேயே வெடிக்கும் என்பது தனி.

மேல்பட்டாம்பாக்கத்துப் பையனுக்கு நிஜமான தடங்கல் இதெல்லாம் அல்ல, தூரம். பேர் பெற்ற ரைபிள் கிளப்புகள் சென்னை, கோவை, திருச்சி, மதுரை என்று பெரிய ஊர்களில். கடலூரில் பிறந்த இளவேனில்கூடப் பயிற்சி எடுத்தது அகமதாபாத்தில்தான், குடும்பம் அங்கே இருந்ததால். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தளத்துக்கு மைதானம் வேண்டாம். கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு ஹால் நீளம் போதும். கெட்டியான பின்சுவர், ரவையைப் பிடிக்கும் பெட்டி, நல்ல வெளிச்சம், கண்டிப்பான பயிற்சியாளர் ஒருவர். ஊருக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் இதைப் போட்டால், ரயிலில் கேட்ட அந்தக் கேள்விக்கு முதல் வகுப்பிலேயே விடை கிடைத்துவிடும்.